காசியைக் கடைசியில் வைக்காதீர்கள்

டிசம்பர் கடைசியில் ரயிலிலேயே போய் டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஓர்ச்சா, காசி எல்லாவற்றையும் ஒரே லீவில் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காசியை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்? கடைசியில் என்றால், அவரை உட்கார வைத்துக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. போன அரையாண்டு விடுமுறையில் நான் கிளம்பியபோது என்னிடம் யாரும் அப்படிப் பேசவில்லை. "பொம்பளை தனியாவா போறே?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தனியாகப் போனதால் ஒரு தொந்தரவும் வரவில்லை. வந்த தொந்தரவெல்லாம் பனிமூட்டத்தால் வந்தது.

திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. சென்னையிலிருந்து டெல்லி. அங்கிருந்து ஆக்ரா, ஆக்ராவிலிருந்து குவாலியர், குவாலியரிலிருந்து ஜான்சி. ஒவ்வொன்றும் அதிகம் போனால் இரண்டு இரண்டரை மணி நேர ஓட்டம். ஜான்சிக்குப் பக்கத்தில் ஓர்ச்சாவைப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் காசி. அங்கே ஒரு பகலும் ஓர் இரவும். மறுநாள் மாலை ஊருக்கு நேர் ரயில். வீடியோக்களில் சொல்லும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். பெரியம்மா வேறு, "காசியில போய் முடிச்சாத்தான் யாத்திரைக்கு அழகு" என்று முத்திரை குத்திவிட்டார். கங்கைத் தீர்த்தம் வேண்டும் என்று சொன்னவர்களின் பட்டியலே ஒரு பக்கம் இருந்தது.

டிக்கெட் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாட்களாக இருந்தது. விடுமுறைக் காலத்துச் சென்னை ரயில்கள் திறந்த அன்றே காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. ஆகவே நீண்ட தூர ரயில்கள் இரண்டையும், அதாவது போகும் ரயிலையும் வரும் ரயிலையும், முன்பதிவு திறக்கும் அந்தந்த நாள் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். நடுவில் உள்ள சின்ன ஓட்டங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை, பகல் ரயில்கள் நிறைய இருக்கின்றன. ஊர்ப் பெயரைத் தேடும்போது இன்னொரு தலைவலி. முகல்சராய் என்று தேடினால் பழைய ஆட்களுக்குத்தான் புரியும், 2018இலிருந்து அது பண்டிட் தீன்தயாள் உபாத்யாயா. காசியிலேயே உள்ள மண்டுவாடி ஸ்டேஷன் 2021இல் பனாரஸ் ஆகிவிட்டது. ஜான்சிக்கு இப்போது வீராங்கனா லக்ஷ்மிபாய் என்ற முன்னொட்டு உண்டு. காசிக்கு என்று தேடும்போது வாராணசி ஜங்ஷன், பனாரஸ், கங்கைக்கு அந்தப் பக்கம் உள்ள தீன்தயாள் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் இல்லாத ரயில் இன்னொன்றில் இருக்கும். டெல்லியிலும் அதே கதைதான். புது டெல்லியில் இறங்கி ஹஸ்ரத் நிஜாமுதீனில் ஏற வேண்டும் என்றால் நடுவில் நகரத்தையே கடக்க வேண்டும்.

டெல்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமைதான். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை. ரயில் தேதிகளைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கிழமைகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆக்ராவில்தான் பனியோடு முதல் அறிமுகம். விடியற்காலையில் தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா, நானும் இருட்டில் எழுந்து போய் வரிசையில் நின்றேன். நம் ஆட்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், உள்ளே சமாதி மண்டபத்துக்குப் போக இன்னும் 200. உள்ளே போய் நீளமான நீர்த்தொட்டி முன்னால் நின்றால் எதிரில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக ஒரு சுவர் மாதிரி பனி. பக்கத்தில் ஒரு குடும்பம் அந்த வெள்ளையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது, "பின்னாடி தாஜ்மகால் இருக்குன்னு எழுதிப் போட்டுடு" என்று அப்பா சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழ்க் குரல் கேட்டதில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு. வெளியே வரும் நேரத்தில்தான் ஒரு மினாரின் நுனி தெரிய ஆரம்பித்தது. அன்று மதியம் ஆக்ரா கோட்டைக்குப் போனேன். ஷாஜகானை மகன் அவுரங்கசீப் சிறை வைத்திருந்த அந்தப் பக்கத்து மாடத்திலிருந்து தாஜ்மகால் யமுனை வளைவுக்கு அப்பால் முழுதாகத் தெரிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் விடியல் ஆசையை விட்டுவிட்டு பதினோரு மணிக்கு மேல் போங்கள். கூட்டம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், கட்டிடமாவது கண்ணுக்குத் தெரியும்.

குவாலியரைப் பற்றி ஆசை தீர எழுத வேண்டும். பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. கோட்டைக்கு இரண்டு பக்கம் வழி. ஆட்டோ, கார் எல்லாம் மேற்கே ஊர்வாய் வாசல் வழியாக ஏறும், பாறையில் செதுக்கிய பிரம்மாண்டமான சமண தீர்த்தங்கரர்கள் வழி நெடுக நிற்பார்கள். கிழக்குப் பக்கம் நடைபாதை. நான் சொல்வது: மேற்கே ஏறி, கிழக்கே நடந்து இறங்குங்கள். மேலே மான்சிங் தோமர் கட்டிய அரண்மனை, நீல ஓடு பதித்த சுவரில் மஞ்சள் வாத்துகள் வரிசை வரிசையாகப் போகின்றன. தேலி கா மந்திர் என்ற கோயிலின் உச்சியைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். வடநாட்டுக் கோயில் மேல் மாமல்லபுரத்து பீம ரதத்தின் கூரை! அதே வண்டிக்கூடு வளைவு. யார் யாரைப் பார்த்துக் கட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டே கிழக்கு வழியில் இறங்கினால், பாதி வழியில் பாறையைக் குடைந்து செய்த ஒரு சின்னக் கோயில் வரும். சதுர்புஜ் கோயில் என்று பெயர். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். அதன் உள்ளே சுவரில் பொ.ஆ. 876 காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த பூந்தோட்டம் 187 முழத்துக்கு 270 முழம், தினமும் 50 மாலை என்று கணக்கு. அந்த 270இலும் 50இலும் உள்ள பூஜ்யம் இன்று நாம் போடுகிற மாதிரியே சின்ன வட்டம். இந்தியாவில் கல்லில் வெட்டிய மிகப் பழைய வட்டப் பூஜ்யங்களில் அது ஒன்று. கணக்கு வாத்தியார் வேலை பார்க்கிறவள் நான், அந்தச் சுண்டுவிரல் நகம் அளவு வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது கண் கலங்கிவிட்டது. எதற்குச் சொல்கிறேன் என்றால், குவாலியரை ஆக்ராவுக்கும் ஜான்சிக்கும் நடுவில் நாலு மணி நேரத்தில் முடிக்கும் ஊராகத்தான் பலரும் போடுகிறார்கள். ஒரு முழு நாள் கொடுங்கள்.

நடுவில் இப்படி இறங்கிச் சுற்றும்போது பெட்டியை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் வைக்கலாம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். பயணச்சீட்டையும் காட்ட வேண்டும். ஜிப் பைக்குச் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் வாசலில் அதற்கு மூன்று மடங்கு விலை.

ஓர்ச்சா ஜான்சியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பேத்வா நதிக்கரையில் புந்தேலா ராஜாக்களின் நினைவு மண்டபங்கள், பீர்சிங் தேவ் கட்டிய ஜஹாங்கீர் மகால், ராமனை ராஜாவாகவே வைத்து போலீஸ் மரியாதை செய்யும் ராமராஜா கோயில். மாலை வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு எட்டரை மணிக்கு ஜான்சி ஸ்டேஷனுக்கு வந்தேன். பத்தரை மணிக்குமேல் காசி ரயில். அது பக்கத்து ஊரிலிருந்தே கிளம்புகிற ரயில் என்பதால் தாமதம் ஆக வழியே இல்லை என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் முதலில் நள்ளிரவு ஒரு மணி என்று வந்தது. சரி, இரண்டரை மணி நேரம்தானே. அப்புறம் மூன்றே கால். அப்புறம் ஐந்து. கொடுமை என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம்தான் கூடியது. மொத்தமாகப் பதினைந்து மணி நேரம் தாமதம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வெளியே போய் அறை எடுத்துப் படுத்திருப்பேன். "இதோ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்" என்று நம்பி நம்பித்தான் இரவு முழுவதும் அந்த இரும்பு நாற்காலியில் போனது. பெண்கள் காத்திருப்பு அறையில் தரையில் கூட இடமில்லை. குளிர் ஸ்வெட்டரைத் தாண்டி எலும்புக்குள் இறங்கியது. ஒரு சுவரில் மட்டும் சார்ஜ் போடும் இடம், அதைச் சுற்றிப் பத்துப் பேர். செல்போனில் பன்னிரண்டு சதவீதம். "அசுவிதா கே லியே கேத் ஹை", அதாவது அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்ற அறிவிப்பு அம்மாவின் குரல் இன்றைக்கும் காதில் ஒலிக்கிறது.

இரண்டு மணி வாக்கில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு வயதான போர்ட்டர் என் பக்கத்தில் பீடி அணைத்துவிட்டு உட்கார்ந்தார். என் அரைகுறை ஹிந்தியில் ரயில் எப்போது வரும் என்று கேட்டேன். "பெஹன்ஜி, டைம் மத் பூச்சியே, ரேக் பூச்சியே" என்றார். நேரத்தைக் கேட்காதே, பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்று கேள். அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தகவல் அது. நாம் ஏறப் போகும் ரயிலின் பெட்டிகள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதே பெட்டிகள்தான் எதிர்த்திசையில் காசியிலிருந்து வந்து, கழுவித் துடைத்து, திரும்பப் போக வேண்டும். அந்த எதிர்த்திசை ரயிலே உத்தரப் பிரதேசத்துப் பனியில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. மூடுபனியில் எஞ்சின் ஓட்டுநருக்கு சிக்னலே தெரியாது. சிக்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி எஞ்சினில் வைத்திருந்தாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். ஆகவே குளிர்காலத்தில் உங்கள் ரயில் புறப்படும் ஊர் எவ்வளவு பக்கம் என்பது முக்கியமே இல்லை. ரயில் இருப்பிடம் காட்டும் செயலியில் உங்கள் ரயிலின் எண்ணைப் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதன் ஜோடி ரயிலின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த எண்ணாகவோ முந்தைய எண்ணாகவோ இருக்கும். அது எந்த ஸ்டேஷனை எப்போது தாண்டியது, கடைசி இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். நான் போட்டேன். விடிந்தாலும் வராது என்று வந்தது விடை.

அந்த நேரத்தில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வீட்டுக்குக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள் என்று கூப்பிடவும் இல்லை. காசியில் அறை எடுத்திருந்த விடுதிக்கு போன் செய்து தாமதமாகும் என்று சொன்னேன். "கோயி பாத் நஹி", பரவாயில்லை என்றார்கள். அதையும் நம்பினேன்.

இதற்கிடையில் இன்னொரு வேடிக்கை. நான் உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் வழியாக ராத்திரி முழுக்க தெற்கே போகும் ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. சென்னை, எர்ணாகுளம், பெங்களூர், ஹைதராபாத். அவையும் தாமதம்தான், ஆனால் வந்தன, போயின. எதிர் நடைமேடையில் ஒரு சென்னை ரயில் நின்றபோது ஒரு ஜன்னலோரத்திலிருந்து, "அண்ணா, ரெண்டு டீ" என்று குரல் வந்தது. ஓடிப்போய் ஏறிவிடலாமா என்று இருந்தது. அப்போதுதான் இந்தியப் படம் மண்டையில் உறைத்தது. டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால் எல்லாம் டெல்லி–சென்னைப் பாதையிலேயே கோத்த மாதிரி இருக்கின்றன. காசி மட்டும்தான் அந்தக் கோட்டை விட்டு நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் கிழக்கே தள்ளி, பனி அதிகம் விழும் கங்கைச் சமவெளியில் இருக்கிறது. வாராணசி, பனாரஸ் ஸ்டேஷன்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு நேர் ரயில்கள் வாரத்தில் சில நாட்கள்தான். ஜான்சியிலிருந்து தினமும் உண்டு. அப்படியிருக்க, ஊருக்குத் திரும்பும் ரயிலை மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளியே, பனி மூட்டத்துக்கு நடுவில் போய்ப் பிடிக்கும்படி எல்லோரும் திட்டம் போடுகிறார்கள்.

காலை ஒன்பது மணிக்கு, ரயில் மதியம் ஒன்றரைக்கு வரும் என்றது பலகை. தொண்டை கட்டி, உடம்பு சுட ஆரம்பித்திருந்தது. ஏறினாலும் காசிக்கு நள்ளிரவுக்கு மேல்தான் போய்ச் சேரும், மறுநாள் மாலையே திரும்பும் ரயில், வழியில் இன்னும் தாமதமானால் அதுவும் போச்சு. காசியை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இங்கே பணம் சம்பந்தமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. நாம் ஏறும் ஸ்டேஷனில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல் விட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டை வழக்கம்போல் ரத்து செய்யக் கூடாது. டி.டி.ஆர். என்ற விண்ணப்பத்தை, ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை என்ற காரணத்தோடு போட வேண்டும், அதுவும் ரயில் நிஜமாகக் கிளம்புவதற்கு முன்பே. வண்டி போன பிறகு போட்டால் கதை வேறு. அதேபோல் ஒரு ரயிலில் போய் இறங்கி இன்னொன்றில் ஏறுவதாக இருந்தால், 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்து வைக்கும் வசதி உண்டு. முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவது தவறிப்போனால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். டிக்கெட் எடுத்தபின் ஐந்து நிமிட வேலை.

பயணத்துக்கு முந்தின நாள் எடுக்கும் தத்கல் டிக்கெட் ஏசி வகுப்புக்குப் பத்து மணிக்குத் திறக்கும், ஸ்லீப்பருக்குப் பதினொன்று. ஜன்னல் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, சார்ஜ் ஏறின செல்போனில் சென்னைக்கு மூன்றாம் வகுப்பு ஏசி எடுத்தேன். கிடைத்தது, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். இரண்டு விஷயம் மட்டும். தத்கல் எந்த நாள் திறக்கும் என்பதற்குக் கணக்கு ரயில் கிளம்பும் ஊரின் தேதி, நாம் ஏறும் ஊரின் தேதி இல்லை. டெல்லியில் இரவில் கிளம்பும் ரயில் ஜான்சிக்கு மறுநாள் விடியற்காலையில் வரும், தேடும்போது இது குழப்பும். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்க்காத கணக்கில் இணையத்தில் தத்கல் எடுக்கவே முடியாது. அந்த வேலையை வீட்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், நடைமேடையில் உட்கார்ந்து ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும் வேலை இல்லை அது. உறுதியான டிக்கெட் கையில் வந்ததும் அதே பி.என்.ஆர். எண்ணைக் காட்டி ஸ்டேஷனிலேயே ஓய்வறை கிடைத்தது. முந்தின ராத்திரி எனக்கு இது தோன்றியிருந்தால் என்று இல்லை, அப்போது நிரம்பியிருந்தது. ஆனால் பயணத் தேதிக்கு முன்பே இணையத்தில் ஓய்வறையைப் பதிவு செய்ய முடியும். இரவு ரயில் பிடிக்கும் ஊர்களில் பெண்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் அதைச் செலவாக நினைக்க வேண்டாம்.

காசி விடுதியில் முன்பணமாகக் கட்டிய 2,200 ரூபாய் போனது போனதுதான். "கோயி பாத் நஹி" சொன்னவர்களே அறையை அன்று சாயங்காலமே வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள், ஆனாலும் பணம் திரும்பாது என்றார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவில், கொஞ்சம் கூடுதல் ஆனாலும், வந்தபின் பணம் கட்டும் அறையாகப் பாருங்கள். காசியிலிருந்து திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ததில் ஐந்நூற்றுச் சொச்சம் பிடித்தம். ஜான்சியில் தங்கின செலவு, மருந்து, ஒரு கம்பளி எல்லாம் சேர்த்தால் ஐயாயிரத்துக்கு மேல் கை நஷ்டம். ராணி லக்ஷ்மிபாயின் கோட்டையைப் போய்ப் பார்த்தேன், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு. என்ன பார்த்தேன் என்று சரியாக ஞாபகம் இல்லை.

அடுத்த தடவைக்கு வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து நேராகக் காசி. கேதார் காட், பாரதி இருந்த அனுமன் காட், சாரநாத் எல்லாம் நிதானமாக. சாரநாத் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அசோகத் தூணின் சிங்கத் தலை அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஆக்ரா, குவாலியர், ஜான்சி என்று ஊரைப் பார்த்துத் தெற்கே இறங்கி வருவது. நேரம் மிஞ்சினால் போபாலில் இறங்கி சாஞ்சி ஸ்தூபம். எந்த இடத்தில் ஒரு நாள் தவறினாலும் வீட்டுக்குப் போகும் ரயில் அந்தப் பாதையிலேயே கிடைக்கும். காசிக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் மட்டும் ஒரு நாளைச் சும்மா விட்டு வைக்க வேண்டும். மாதம் பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச், பள்ளிக்கூடம் லீவு கொடுத்தால். டிசம்பரில்தான் முடியும் என்கிறவர்கள், பனிக்காலத்துக்காக ரத்தாகும் ரயில்களின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

டி.டி.ஆர். பணம் வராது, மறந்துவிடு என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொன்னார்கள். பொங்கல் கழிந்து சில வாரத்தில் முழுதாக வந்துவிட்டது. பெரியம்மா மட்டும் இன்னும் தீர்த்தம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.